புதுப்பிப்பு: ஓயாமல் சுற்றும் சைக்கிள் ரிம் என்ன ஆச்சு?

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. மும்முனை கரண்ட் இல்லாத நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கலாமே என்று, சைக்கிள் ரிம்மில் மடங்கும் கைகளும் எடைக்கு நட்டுகளும் மாட்டி, ஒருமுறை தள்ளிவிட்டால் தானாகவே ஓயாமல் சுற்றுமா என்று கேட்டிருந்தேன்.

சக்கரம் நின்றுவிடுகிறது. கும்பகோணத்தில் வாங்கிய புது பேரிங் போட்டதும் கூடுதலாகக் கொஞ்சம் ஓடியது, அவ்வளவுதான். சரியான விடை, கைகளை எண்ணச் சொன்ன திருவாரூர் அண்ணனுடையது. இறங்கும் பக்கம் கைகள் விரிந்து நீளம், ஆனால் எண்ணிக்கை குறைவு. ஏறும் பக்கம் மடங்கிக் குட்டை, ஆனால் எண்ணிக்கை அதிகம். சக்கரம் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு கையின் எடையையும் அச்சிலிருந்து அதன் கிடைமட்டத் தூரத்தையும் பெருக்கிக் கூட்டினால் இரு பக்கமும் சமம். 12ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் சொன்ன, பாதரசம் ஊற்றித் தானாகச் சுற்றும் என்ற சக்கரத்துக்கும் இதே கதிதான்.

எதிர்பாராத ஒன்று: கைகளை அசையாமல் கயிற்றால் கட்டிவிட்டால் ரிம் இன்னும் நெடுநேரம் சுற்றுகிறது! ஒவ்வொரு கையும் 'டொக்' என்று விழும்போதுதான் சக்தி வீணாகிறது.