எலீட் 2: மூக்கு நிலையத்துக்கு நேரா இருந்தும் கப்பல் தாண்டிப் போகுது. ஜொய்ஸ்டிக் பழுதா?

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். பழைய டொஸ் ஆட்டங்களை இப்ப உள்ள கணினியில ஓட்டுற டொஸ்பொக்ஸில, 1993ஆம் ஆண்டு வந்த 'ப்ரொன்டியர்: எலீட் 2' விண்கப்பல் ஆட்டம் ஓடுது. ஓட்டோ பைலட்டை நிறுத்திட்டு கையால ஓட்டினா, மூக்கை விண்வெளி நிலையத்துக்கு நேரா வச்சாலும் கப்பல் தாண்டிப் போயிடுது. திருப்பினா மூக்கு மட்டும் திரும்புது, போற திசை மாறல்ல. சண்டையிலயும் எதிரி ஒரு நொடி கிட்ட வந்து மறுபடி புள்ளியாயிடுறான். சைக்கிள்ஸை (டொஸ்பொக்ஸ் காட்டுற ப்ரொசசர் வேகம்) 3000லருந்து 20000 வரைக்கும் மாத்தியும் இதே கதைதான். 1984 எலீட்ல இந்தத் தொல்லையே இல்லையே? தரம் 8 படிக்கிற தங்கச்சியும் விளையாடக் கேட்கிறா, அவளுக்கு எது சரி?

பதில் (பண்டாரவளை):
ஜொய்ஸ்டிக்கில குறை இல்லங்க. பழைய எலீட்ல கப்பலுக்கு உச்ச வேகம் உண்டு, மூக்கு போற பக்கமே கப்பலும் போகும். எலீட் 2 நியூட்டன் விதிப்படி ஓடுது. பவுடர் போட்ட கெரம் போர்ட்ல சுண்டின காயை நினைச்சுக்கங்க, ஆனா இங்க போர்டுக்கு விளிம்பே கிடையாது. எஞ்சினை நிறுத்தினாலும் சேர்த்த வேகம் குறையாது.

கணக்கைப் பாருங்க. நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில போறீங்க, கப்பல் 10 ஜி-யில, அதாவது பூமி ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 10 மடங்கில, பிரேக் போடுதுன்னு வைப்போம். நிக்கிறதுக்கு ஏறக்குறைய 3000 நொடி, அதாவது 50 நிமிஷம் வேணும். அதுக்குள்ள 450,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பூமியிலருந்து நிலாவுக்கே சராசரி 384,400 தான். நிலையம் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு பிரேக் போட்டா எப்படி நிக்கும்?

அதனால பாதி தூரத்துக்கு முடுக்குங்க. பாதியில கப்பலை 180 பாகை திருப்பி, பின்பக்கத்தை நிலையத்துக்குக் காட்டி, பிரதான எஞ்சினையே எரிங்க. திருப்பாம முன்பக்க ரெட்ரோவால (எதிர்ப்பக்கம் தள்ளுற எஞ்சின்) நிறுத்தப் பார்க்கிறதுதான் பெரும்பாலானவங்க செய்ற தப்பு. பெரும்பாலான கப்பல்ல ரெட்ரோ பலம் குறைவு. பிரதானம் 20 ஜி, ரெட்ரோ 5 ஜின்னா, ஐந்தில ஒரு பங்கு தூரத்திலயே பிரேக் தொடங்கணும்.

கிட்ட வந்ததும் நேர வேகத்தை, அதாவது ஆட்டத்தில நேரத்தை வேகமா ஓட்டுற அளவை, குறைச்சிடுங்க. அது உச்சத்தில இருந்தா ஒவ்வொரு கணக்குக்கும் நடுவில கப்பல் பெரிய தூரம் தாவும். ஓட்டோ பைலட்டே கிரகத்தில மோதுறதுக்கு அதுதான் காரணம்.

சண்டையில துரத்தாதீங்க. முதல்ல எதிரிக்கும் உங்களுக்கும் உள்ள வேக வித்தியாசத்தைக் குறைங்க, பிறகு எஞ்சினை நிறுத்தி மூக்கை மட்டும் திருப்பிச் சுடுங்க. போற திசை மாறாம மூக்கு திரும்புதுன்னு சொன்னீங்களே, அது இங்க உங்களுக்கு வசதி.

பதில் (பதுளை):
தங்கச்சிக்கு 1990 'விங் கொமாண்டர்' கொடுங்க. ஆகாய விமானம் மாதிரியே வளையும். அது இயற்பியல் தெரியாம செஞ்ச வேலை இல்ல. நேருக்கு நேர் சண்டை சுவையா இருக்கணும்னு எடுத்த முடிவு, எனக்கு அது சரியான முடிவுதான். ஆனா சைக்கிள்ஸ் இங்கதான் முக்கியம். ஆட்டத்தோட வேகம் ப்ரொசசரோட சேர்ந்தே ஓடும், 20000ல விட்டா கண் சிமிட்டுறதுக்குள்ள செத்துடுவா. 3000ல தொடங்கி, கன்ட்ரோல் எஃப்11 தட்டினா குறையும், எஃப்12 தட்டினா கூடும். லெப்டொப்ல எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்தணும். ஜொய்ஸ்டிக் தானா ஒரு பக்கம் இழுத்தா டொஸ்பொக்ஸோட கொன்ஃபிக் (அமைப்பு) கோப்பில 'டைம்ட்' என்பதை 'ஃபோல்ஸ்' ஆக்குங்க.

இரண்டுக்கும் நடுவில 1997 'இன்டிபென்டன்ஸ் வோர்' இருக்கு. அதுவும் நியூட்டன்தான், ஆனா பக்கவாட்டுச் சறுக்கலைக் கணினி அடக்கும். வேண்டாட்டி அந்த உதவியை நிறுத்திக்கலாம். இந்த வகையில இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரிய இல்ல.

கேள்வி (ஹட்டன்):
பாதியில திருப்பினேன், நிலையத்துக்குக் கிட்டவே நின்னுச்சு! நன்றிங்க. கடைசித் தூரத்துக்கு மட்டும் ஓட்டோ பைலட் போட்டா அது ஏமாத்துறதா?

பதில் (பண்டாரவளை):
இல்லவே இல்ல. 1969ல அப்பல்லோ 11 இறங்கினப்ப ஆம்ஸ்ட்ரோங் கைப்பிடியை அசைச்சார். அதைப் பார்த்து த்ரஸ்டரை (கப்பலைத் திருப்புற சின்ன எஞ்சின்) எரிச்சது கணினி. தாராளமாப் போடுங்க, நேர வேகத்தை மட்டும் குறைச்சு வைங்க.