தமனே கிண்டுவது: தோற்கடிப்பது தண்ணீர்தான்

ரங்கூன்காரர்:
தபோத்வே மாதப் பௌர்ணமிக்கு (தை, மாசிவாக்கில் வரும்) பர்மியர் கிண்டும் தமனே என்னும் ஒட்டரிசிப் பலகாரம், நம் பொங்கலைப் போலவே அறுவடை முடிந்த மகிழ்ச்சிதான். ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவில் அணி அணியாக அடுப்பு மூட்டிப் போட்டியே நடக்கும். ஒரு ப்யீ (பர்மியப் படி), அதாவது கெட்டிப்பால் டின்னால் 8 டின் வெள்ளைக் கவுனிக்கு (ஒட்டும் அரிசி): கடலை எண்ணெய் 3 டின், வறுத்த நிலக்கடலை 2 டின், எள் ஒன்றரை டின், தேங்காய் 2, இஞ்சி கால் கிலோ, உப்பு. கருப்புக் கவுனி வேண்டாம், வேக நேரமாகும்.

மோல்மேன்காரர்:
அண்ணே, அளவு சரி. தண்ணீரைச் சொல்லாமல் விட்டீர்களே! அரிசியை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, கூடையில் சொட்டுச் சொட்டாக வடியவிட வேண்டும். அது குடித்த நீரே பாதி வேலையை முடித்துவிடும். சட்டியில் 4 டின் வெந்நீர் போதும். ஈர அரிசியோடு 6 டின் ஊற்றினால் கிடைப்பது தமனே இல்லை, குழைந்த கஞ்சி. அப்புறம் எத்தனை பேர் கிண்டினாலும் மீளாது.

எண்ணெயில் தேங்காய்ச் சீவலைப் பொரித்து எடுத்து, இஞ்சியைச் சிவக்க விட்டு, அரிசியைக் கொட்டி, வாழையிலையால் மூடி ஆவியில் வேகவிடுங்கள். இலையைத் திறந்ததும் விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். இனி தணல்தான். இளவட்டங்கள் தீயோடு கிண்டுவதால்தான் அடி கருகுகிறது. அந்தக் கருகல் வாசம் சட்டி முழுக்க ஏறிவிடும்.

பெகுக்காரர்:
துடுப்பு இரண்டு பேருக்கு, எதிரெதிரே நின்று. ஒருவர் அடியிலிருந்து புரட்ட, மற்றவர் அழுத்தி மசிக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் சட்டி சாயும். மூன்றாமவர் சட்டியின் காதில் சாக்குச் சுற்றிப் பிடித்துக்கொள்ளட்டும். அரிசி மசிந்து, அல்வா மாதிரி சட்டியை விட்டு ஒதுங்கி, எண்ணெய் மினுங்கும்போது கடலை, தேங்காய். எள் கடைசியில். முந்திப் போட்டால் கசக்கும்.

பெரிய சட்டிக்கு வீசைக் கணக்கு போடுகிறவர்கள் கவனம்: பர்மா வீசை சுமார் 1.63 கிலோ, நம் பழைய வீசை 1.4 கிலோ. அரிசியைப் பர்மா வீசையிலும் எண்ணெயை நம் வீசையிலும் நிறுத்தால் தமனே வறண்டுபோகும். ஆறினால் கெட்டியாகும், ஆகவே சூடாக இருக்கும்போதே வாழையிலையில் பொட்டலம் கட்டிவிடுங்கள். முதல் பொட்டலங்கள் புத்த மடத்துக்கு, பிறகு தெருவுக்கு, தோற்ற அணிக்கும் சேர்த்து.