இப் மேன்: பத்துப் பேரை அடிக்கும் காட்சிதான் சிறந்ததா?

முத்துச்செல்வன், பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். விங் சுன் என்ற சீனச் சண்டைக் கலையின் ஆசான் இப் மேனைப் பற்றி வில்சன் யிப் இயக்கி டோனி யென் நடித்த ‘இப் மேன்’ படத்தை இப்போதுதான் முழுவதும் பார்த்தேன். 2008-இல் வந்த படம். சீனாவை ஆக்கிரமித்த ஜப்பானியரின் பயிற்சிக்கூடத்தில் பத்து கராத்தே வீரர்களை ஒரே நேரத்தில் அடித்துச் சாய்க்கும் காட்சிதான் இதன் உயிர் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அந்தத் துண்டை மட்டும் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

எனக்கு அந்தக் காட்சி வயிற்றைப் பிசைந்தது. அதுவரை யாருக்கும் பெரிய காயம் வராமல் அடித்த மனிதர், அங்கே விழுந்து கிடப்பவன்மீது விடாமல் குத்துகிறார், கைகால்களை ஒடிக்கிறார். எனக்குப் பிடித்தது முதல் பாதிதான். ஊருக்குப் புதிதாக வந்து பள்ளி திறந்த ஆசான் ஒருவர், இப் மேன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மோத வருகிறார். இவர் முதலில் அவரைச் சாப்பிடச் சொல்கிறார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் மோதுகிறார்கள். அந்த அமைதியை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் சண்டைக் கலை எதுவும் கற்றவன் அல்லன். கற்றவர்கள் சொல்லுங்கள்: அவர் கை ஓடும் விதம் உண்மையான விங் சுன் தானா? கதையில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்த்தது?

சுடலைமணி, பாளையங்கோட்டை

தம்பி, முதல் பாதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் பேர் காட்சி இல்லாவிட்டால் படம் இல்லை. ஒரு மூட்டை அரிசிக்காக ஊர் ஆசான்களை வரவழைத்துச் சண்டையிட வைக்கிறான் ஜப்பானியத் தளபதி. இப் மேனோடு கரி சுமந்த நண்பன் அங்கே போய் உயிரோடு திரும்பவில்லை. தோற்ற ஒருவர் அரிசியை எடுத்தார் என்பதற்காகக் கண்ணெதிரே சுடப்படுகிறார். அதற்குப் பிறகும் ஒரு மனிதன் மென்மையாக அடிக்க வேண்டுமா? எனக்கு ரத்தம் கொதித்தது. இன்றைக்கும் கொதிக்கிறது.

செண்பகவல்லி, அம்பாசமுத்திரம்

முத்துச்செல்வன், நான் சிலம்பம் கற்பிக்கிறவள். என் தகப்பனாரிடம் கற்றேன். விங் சுன் எனக்குத் தெரியாது, ஆகையால் அதன் நுணுக்கத்தில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பு பிடித்த கண்ணோடு பார்த்தபோது தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கை. விங் சுன்னில் முழங்கை விலாவை விட்டு அகலாது. எதிராளியின் நெஞ்சுக்கு நேராக ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தான் பிடித்துக்கொண்டு அவனை வெளியே தள்ளுவதுதான் முறை. தடுப்பும் அடியும் ஒரே அசைவில் வரும். டோனி யெனின் தோளைப் பாருங்கள்: முஷ்டி மாறி மாறிப் பாயும்போதும் தோள் உயர்வதே இல்லை. புதிதாகக் கற்கிறவர்களுக்கு வேகம் கூடும்போது முதலில் தோள்தான் ஏறும். என் பிள்ளைகளிடம் நாள்தோறும் நான் கத்துவது இதற்காகத்தான். இப் மேனின் மூத்த மகன் இப் சுன் இந்தப் படத்துக்கு ஆலோசகர். சண்டைக் காட்சிகளை அமைத்தவர் சம்மோ ஹங். ஹாங்காங் திரைப்பட விருதுகளில் இந்தப் படம் சிறந்த படமாகவும், சண்டை அமைப்புக்காகவும் பரிசு பெற்றது. அது தகுதிக்குக் கிடைத்தது.

அடுத்தது நீங்கள் கேட்காத ஒன்று. பஞ்சாலையில் கோடரிக் கூட்டத்தை எதிர்க்கும்போது இப் மேன் நீண்ட கம்பை எடுக்கிறார். அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். விங் சுன் கம்பு எட்டடிக்கும் மேல் நீளம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஈட்டிபோல் நேரே குத்துவார்கள், சிறிதாக வட்டமிட்டு எதிராளியின் ஆயுதத்தை ஒதுக்குவார்கள். நம் கம்பு நெற்றி உயரம். இரண்டு முனையும் பேசும், வீச்சும் சுழற்சியும் சுவடு என்கிற காலடி முறையும் சேர்ந்து வரும். அங்கே கால் அகன்று தரையில் வேர்விடுகிறது, இங்கே கால் ஓயாமல் இடம் மாறுகிறது. இரண்டு கலையும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இனி உங்கள் வயிற்றைப் பிசைந்த விஷயம். நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் கோயில் கொடைக்குக் கம்பு ஆடுவது உண்டு. என் தகப்பனார் ஆடும்போது, எதிரே நிற்பவரின் மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் கம்பு நுனியை நிறுத்திவிட்டு, மறுகணமே அடுத்த சுவடுக்கு நகர்ந்துவிடுவார். கூட்டத்துக்கு அது தெரியாது. எதிரே நின்றவருக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். தோற்றவனுக்கு ஊரில் நாளைக்கும் நடமாட்டம் இருக்கிறது, அவனிடமும் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பார் அப்பா.

இப் மேன் கதவைச் சாத்துவது இதற்காகத்தான். பள்ளி திறந்திருக்கும் ஆசான் தோற்றார் என்று தெருவுக்குத் தெரிந்தால் அவர் பிழைப்பு போய்விடும். சிக்கிய காற்றாடியை எடுக்க மேலே ஏறியவன் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிடுகிறான்; அந்த ஆசானின் முகம் சுண்டிப்போவதைப் படம் மறக்காமல் காட்டுகிறது. வடக்கிலிருந்து வந்த முரடனோடு நடக்கும் சண்டையிலும் இதே குணம்தான்: அவன் வாளோடு நிற்கிறான், இவர் கையில் இறகுத் துடைப்பம். இடையில் மகன் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்து, ‘நீங்கள் திருப்பி அடிக்காவிட்டால் வீட்டில் சாமான் ஒன்றும் மிஞ்சாது என்று அம்மா சொல்லச் சொன்னார்’ என்று சேதி சொல்லிவிட்டுப் போகிறான். எவ்வளவு அழகான இடம்! அனுமதி வந்த பிறகுதான் இவர் கை நீளுகிறது.

இவ்வளவையும் கட்டியெழுப்பிய பிறகு பத்துப் பேர் காட்சி வருகிறது. சுடலைமணி அண்ணாச்சி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூடத்தில் இப் மேன் வென்றார் என்று நான் எண்ணவில்லை. தோற்றவன் முகத்தைக் காத்த கை, விழுந்தவனை அடிக்கும் கையாகிவிட்டது. ஆக்கிரமிப்பு அவரிடமிருந்து வீட்டைப் பறித்தது, சோற்றைப் பறித்தது. கடைசியாகப் பறித்தது இதைத்தான். அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த இழப்பு தெரிய வழியில்லை.

வரலாறு கேட்டீர்கள். இப் மேன் 1893-இல் சீனாவின் ஃபோஷான் நகரத்தில் பிறந்தவர், வசதியான குடும்பம், அது உண்மை. 1938-இல் ஜப்பானியப் படை அந்த நகரத்தைப் பிடித்ததும் உண்மை. தளபதியோடு மேடையில் மோதியது திரைக்கதை. அவர் காவல்துறையில் வேலை பார்த்தவர். படத்தில் அதைக் காணோம். 1949-இல் கம்யூனிஸ்டுகள் வென்றபோதுதான் ஹாங்காங் போனார். படம் காட்டுவதுபோல் துப்பாக்கிக் குண்டுபட்டுத் தப்பி ஓடவில்லை. அங்கே உணவகத் தொழிலாளர் சங்கத்தில் வகுப்பு எடுத்துப் பிழைத்தார். புரூஸ் லீ அவரிடம் படித்தது பின்னால். எல்லை மூடப்பட்டதால் மனைவி ஃபோஷானிலேயே தங்கிவிட்டார், 1960-இல் இறந்தும்போனார். அந்தப் பிரிவைப் படமாக்கியிருந்தால் எந்தச் சண்டையும் அதன் பக்கத்தில் நிற்காது என்பது என் எண்ணம்.

இசக்கிமுத்து, விக்கிரமசிங்கபுரம்

செண்பகவல்லி தாயி பஞ்சாலைக் காட்சியைச் சொன்னதால் எழுதுகிறேன். நான் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனாரும் அதே ஆலைதான்.

நூற்பாலைச் சண்டையை இளவட்டங்கள் தள்ளிவிட்டுப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அது தவறு. அதுவரை இப் மேன் யாரையும் சீடனாகச் சேர்த்ததே இல்லை. பணம் பறிக்கக் கொள்ளைக் கூட்டம் ஆலைக்கு வருகிறது. தொழிலாளிகள் பயந்து நிற்கிறார்கள். அப்போதுதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒப்புகிறார். பட்டு அங்கி போட்டுக்கொண்டு தன் வீட்டுக் கூடத்தில் தனியாக மரக்கட்டைப் பொம்மையோடு பயிற்சி செய்தவர், பஞ்சுத் தூசிக்குள் வந்து நிற்கிறார். ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று ஒன்றாகக் கையை நீட்டும்போது எனக்குக் கண் கலங்கியது. ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவன் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரிதான் தெரியும். பத்துப் பேரை அடித்தவர் தனி ஆள். இங்கே ஓர் ஆலையே நிமிர்ந்து நிற்கிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

ரஹ்மத்துல்லா, மேலப்பாளையம்

இதே மனிதரைப் பற்றி வோங் கார் வாய் எடுத்த ‘தி கிராண்ட்மாஸ்டர்’ 2013-இல் வந்தது. டோனி லியுங் நடித்தார். அதை யாரும் இங்கே சொல்லவில்லையே! மழையில் தொப்பி போட்டுக்கொண்டு மோதும் தொடக்கக் காட்சி ஒன்று போதும். ஒளிப்பதிவுக்கும் உடை வடிவமைப்புக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படம். அதில் அடியை விட அடிபடும் நீர்த்துளியைத்தான் காட்டுகிறார்கள். சண்டை பார்க்க வந்தவர்கள் பொறுமை இழப்பார்கள், ஆனால் ஒரு கலை தலைமுறை விட்டுத் தலைமுறை போகும்போது எது உதிர்ந்துபோகிறது என்று சொன்ன படம் அதுதான். செண்பகவல்லி அக்கா கேட்ட பிரிவும் அதில் இருக்கிறது.

சுடலைமணி, பாளையங்கோட்டை

செண்பகவல்லி சொன்னதைப் படித்துவிட்டு இரவு அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வென்ற பிறகு அவர் முகத்தில் சந்தோஷம் துளியும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். குங்ஃபூவே காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டுபோனது என்கிறார்களே, அப்படியானால் இதுவும் நம் கலைதானே?

செண்பகவல்லி, அம்பாசமுத்திரம்

அண்ணாச்சி, போதிதர்மர் கதை சீனாவின் ஷாவோலின் புத்த மடத்தோடு சேர்ந்தது. விங் சுன்காரர்கள் தங்கள் வழியாகச் சொல்வது வேறு கதை: மடத்தை விட்டு வந்த பிக்குணி ஒருத்தி, யிம் விங் சுன் என்ற பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தாள், கட்டாயக் கல்யாணத்துக்கு வந்தவனை அவள் அடித்து வீழ்த்தினாள் என்று. இரண்டுமே மரபுக் கதைகள், ஆதாரம் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது. அவர்கள் கலையை அவர்கள் கலையாகவே நான் மதிக்கிறேன். குத்துவரிசை என்ற வெறுங்கைச் சண்டையும் கம்பும் நமக்கு இருக்கின்றன; கற்க வருகிற பிள்ளைகள்தான் குறைவு. ஒரு பெண்ணின் பெயரைக் கலைக்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் என் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் சொல்வேன், அவர்களுக்கு அது பிடிக்கும்.

ரஹ்மத்துல்லா தம்பி சொன்ன படத்தையும் பார்த்திருக்கிறேன். அழகு. ஆனால் கால் அசைவை அவ்வளவு துண்டு துண்டாக வெட்டிக் காட்டினால் கற்கிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

முத்துச்செல்வன், பேட்டை

எல்லோருக்கும் நன்றி. இசக்கிமுத்து ஐயா, ஆலைக் காட்சியை நானும் அவசரமாகத்தான் பார்த்திருந்தேன். இன்றிரவு அதிலிருந்து பார்க்கப் போகிறேன். அக்கா, 2010-இல் வந்த இரண்டாம் பாகம் பார்க்கலாமா?

செண்பகவல்லி, அம்பாசமுத்திரம்

பாருங்கள். பின்பாதியில் வரும் வெள்ளைக்காரக் குத்துச்சண்டை வீரனின் பகுதி முதல் படத்தின் முடிவையே திருப்பிச் சொல்கிறது, அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஆனால் ஹாங்காங்கில் பள்ளி நடத்த அனுமதி பெற வட்ட மேசை மீது ஏறி ஆசான்களைச் சந்திக்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். கடைசியாக ஏறுபவர் சம்மோ ஹங்கேதான், உடல் பருத்த மனிதர், பாதம் வைக்கும் இடத்தைப் பாருங்கள். மேசை சாயும்போது இருவரும் எடையை எந்தக் காலுக்கு மாற்றுகிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.