புதுப்பிப்பு: டிசைனர்கள் கிட்டில் மோதிக்கொண்ட கதை தீர்ந்தது

டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) பக்கமே போகாத எங்கள் இரண்டு டிசைனர்கள் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) இருக்கும் ஒரே பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பில் வேலை செய்து ஒருவர் மாற்றத்தை இன்னொருவர் அழித்துவிடுகிறார்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கிட்டைப் பட்டன்களால் இயக்கும் கிட்ஹப் டெஸ்க்டாப் செயலியைப் போட்டுக் கொடுத்ததில் கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (அதை சர்வருக்கு அனுப்புவது) பயம் போனது, மோதல் நிற்கவில்லை. கைகொடுத்தது கிட் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளுக்கான கிட் நீட்சி) பூட்டு யோசனைதான்: கிட்ஆட்ரிபியூட்ஸ் (எந்த வகைக் கோப்பை எப்படிக் கையாள்வது என்று கிட்டுக்குச் சொல்லும்) கோப்பில் பிஎஸ்டி வரியில் 'லாக்கபிள்' சேர்த்தால், பூட்டு எடுக்காதவரை கோப்பைப் படிக்க மட்டுமே முடியும்.

எதிர்பாராதது, மறுநாள் காலையிலேயே "அண்ணா, சேவ் ஆகமாட்டேங்குது" என்று டிசைனரிடமிருந்து போன்; பூட்டு எடுக்கவில்லை. டெஸ்க்டாப்பில் பூட்டுக்குப் பட்டன் இல்லை, அதனால் பூட்டுக் கட்டளையை ஓட்டும் சின்ன பேட்ச் (batch) கோப்பு எழுதிக் கொடுத்தேன். அப்புறம், பழைய பிஎஸ்டிகளுக்கு எல்எஃப்எஸ் மைக்ரேட் (பழைய வரலாற்றையும் எல்எஃப்எஸுக்கு மாற்றி எழுதும் கட்டளை) ஓட்டியதால், எல்லோரும் புதிதாக குளோன் செய்ய (முழு நகலை மறுபடி இறக்க) வேண்டியிருந்தது, அரை நாள் போச்சு.