சர்வீஸபிலிட்டி: தமிழில் என்ன சொல்வது? (பனிவண்டிப் பாடம், திங்கள் காலைக்குள் வேண்டும்)

கொழிஞ்சாம்பாறை, வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் பத்தாவது முடித்துவிட்டு வண்டி மெக்கானிக் பிரிவுக்கு வரும் பிள்ளைகளுக்காகக் குறிப்பேடு தயாரிக்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகவேண்டும். பாடம், இடத்துக்கு ஏற்ற இயந்திர வடிவமைப்பு. எடுத்துக்காட்டு, மலைப்பனியில் ஓடும் ஸ்னோமொபைல். பாலக்காட்டு வெயிலில் இது எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது நம் ஸ்கூட்டரில் இருக்கும் அதே வேரியேட்டர்: இரண்டு புல்லி, நடுவே ஒரு பெல்ட். பிள்ளைகளுக்கு நன்றாகவே பிடிக்கும்.

இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். ஸ்னோமொபைல், சர்வீஸபிலிட்டி (வண்டியைப் பழுதுபார்க்க எவ்வளவு சுலபம் என்பது). இரண்டாவதற்கு 'பராமரிப்பு எளிமை' என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, "அப்படின்னா அடிக்கடி சர்வீஸ் பண்ண வேண்டாம்னு அர்த்தமா டீச்சர்?" என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான். அடிக்கடி பழுதாகும் வண்டியும் பழுதுபார்க்கச் சுலபமாக இருக்கலாம். வருடக்கணக்கில் பழுதே ஆகாத வண்டியில் ஒரு பிளக்கைக் கழற்றப் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டியிருக்கலாம். இந்த வேறுபாட்டைக் காட்டுகிற சொல் வேண்டும். உதவுங்கள்.

மறுமொழி: செங்கோட்டை

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். முதல் சொல்லை முதலில் முடிப்போம். புறநானூற்றின் 6-ஆம் பாட்டு 'வடாஅது பனிபடு நெடுவரை' என்று தொடங்குகிறது. அந்தப் பனி இமயத்துப் பனி. மார்கழிக் காலையில் நம் தலையில் இறங்கும் பனியைப் புலவர் அங்கே சொல்லவில்லை. ஆகவே ஸ்னோவுக்குப் புதுச்சொல் தேடவேண்டாம், பனியே போதும். பேருந்து நமக்குப் பழகிய சொல். 'இ ஈ ஐ வழி யவ்வும்' என்ற நன்னூல் விதி எல்லோருக்கும் தெரியும். பனி, உந்து சேர்ந்தால் பனியுந்து. உந்துதல் என்றால் தள்ளுதல். இந்த வண்டி பனியைப் பின்னுக்குத் தள்ளித்தான் முன்னே போகிறது. பேருந்தைவிட இதற்குத்தான் அந்தச் சொல் பொருந்துகிறது.

மறுமொழி: மூணாறு

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம். தேவிகுளம் பக்கம் ஜனவரி விடியலில் புல் வெளுத்துக் கிடக்கும். 'பனி விழுந்து கொழுந்து கருகிப்போச்சு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உறைபனி, தரையிலும் இலையிலும் படிவது. பாடத்தில் வருவது மேகத்திலிருந்து பொழிந்து, ஆள் உயரத்துக்குக்கூடத் தூளாகக் கிடப்பது. வண்டியின் வடிவமே அந்தத் தூளுக்காகத்தான். தடத்தில் ஓடும் சாதாரண வண்டிக்கு 137 அங்குலப் பட்டை (கீழே சுற்றி ஓடும் டிராக்) போதும். மலை வண்டிக்கு 154, 165 என்று நீளம் கூடுகிறது, புதையாமல் மிதக்க. எல்லாவற்றுக்கும் பனி என்றே எழுதினால் எங்கள் பிள்ளைகள் புல்வெளிப் பனியைத்தான் நினைப்பார்கள். 'தூள்பனி' என்றாவது ஓரிடத்தில் பிரித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. மலையாளத்தில் இதை மஞ்ஞு என்கிறார்கள், நம் மஞ்சுக்கு நெருங்கிய சொல். நம் இலக்கியத்தில் மஞ்சு மேகம். மலைமேல் படியும் மூட்டத்துக்கும் அது ஆகிவரும். கேரளப் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருக்கும் சொல். மஞ்சூர்தி என்று வைத்தால் என்ன?

மறுமொழி: செங்கோட்டை

மஞ்சூர்தி என்றதும் எனக்கு மேகத்தில் ஏறிவரும் தெய்வம்தான் தோன்றுகிறது. நீலகிரி மஞ்சூரும் இந்த மஞ்சிலிருந்து வந்த பெயராக இருக்கலாம் என்று பல நாளாக நினைத்திருக்கிறேன். மஞ்சள், மஞ்ஞை, மஞ்சு மூன்றுக்கும் ஒரே வேர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மறுமொழி: களியக்காவிளை

ஐயா, மஞ்ஞையை இன்னொரு நாள் பார்க்கலாம். டீச்சருக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. ஊர்ப்பெயருக்குச் சான்று இல்லாமல் வேர் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மூணாறு அண்ணன் சொன்ன மஞ்சு மலையாளத்தில் படித்த பிள்ளைக்குச் சுலபம். அதே ஏட்டை நாளை தேனியில் ஒருவர் பயன்படுத்தினால்? இரண்டு பக்கமும் விளங்குகிற சொல்லே எல்லைக்காரருக்கு வேண்டும். பெயர் எப்படிப் பிறந்தாலும் பழகினால் நிற்கும். கனடாவின் பொம்பார்டியே 1959-இல் தன் சின்ன வண்டிக்கு ஸ்கி-டாக் என்று வைக்க நினைத்தது அச்சுப்பிழையால் ஸ்கி-டூ ஆனது என்று சொல்வார்கள். இன்றும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. என் ஓட்டு பனியுந்துக்கு.

மறுமொழி: கம்பம்

எல்லோருக்கும் வணக்கம். நான் படையில் வண்டி மெக்கானிக்காக இருந்தவன். வடக்கே மூன்று குளிர்காலம் இந்த வண்டியைத் தொட்டிருக்கிறேன். அங்கே எல்லோரும் ஸ்னோ ஸ்கூட்டர் என்றுதான் சொல்வார்கள். இப்போது இங்கே குமுளிக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்க்கிறேன்.

டீச்சர் கேட்டது இரண்டாவது சொல். அது என்னவென்று பனியில் நின்றால்தான் தெரியும். கையுறையோடு வேலை செய்யவேண்டும். கழற்றினால் விரல் விறைத்துவிடும். ஒரு ஸ்குரூ கீழே விழுந்தால் போனதுதான், தூள்பனிக்குள் தேடமுடியாது. அதனால்தான் இப்போது வரும் மலை வண்டிகளில் பக்க மூடியைக் கால் திருகலில் திறக்கும்படி வைக்கிறார்கள், திருகாணி மூடியோடே நிற்கும். மலையில் அதிகம் அறுவது பெல்ட். உபரி பெல்ட் இல்லாமல் யாரும் ஏறமாட்டார்கள். மூடியைத் திறந்து, பின்புல்லியை விரித்து, புதியதை மாட்டவேண்டும். அறுந்த நூல் புல்லியில் சுற்றிக்கொண்டிருந்தால் அதையும் சுத்தமாக எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெல்ட்டும் போய்விடும். ஆனால் முன்புல்லியையே கழற்றவேண்டுமென்றால் அதற்கென்று ஒரு புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும், அதை மலையில் வைத்துச் செய்யமுடியாது. இரண்டும் ஒரே வண்டிதான். எது நடுவழியில் போகும் என்று வரைந்தவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்.

ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும் என்றுதானே பையன்களுக்குச் சொல்லியிருப்பீர்கள்? இதில் பட்டை வாரியிறைக்கும் பனிதான், மேலே உள்ள அலுமினியக் கூட்டின் அடியில் பட்டுத் தண்ணீரைக் குளிர்விக்கிறது. வழி இறுகிப் பாறையாகிவிட்டால் தூள் எழும்பாது. எஞ்சின் சூடாகும், பட்டைக்கும் அது உரசி ஓடும் தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக்கும் உருகத் தொடங்கும். அதற்காகவே பக்கத்தில் கம்பிச் சுரண்டி ஒன்றைத் தொங்கவிட்டுத் தரையைக் கீறிக்கொண்டே போவார்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. சாதாரண எஞ்சினுக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 3 விழுக்காடு வலு குறையும். அப்போது முன்புல்லியில் உள்ள எடைக்கட்டிகளை லேசானதாக மாற்றவேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு வண்டியைப் பார்த்ததும் சொல்வோம்: 'கை போட வாகா இருக்கு' அல்லது 'வாகா இல்லை'. அவ்வளவுதான். பழுதுவாகு என்று வையுங்கள்.

மறுமொழி: செங்கோட்டை

கம்பத்துத் தம்பி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் வாகு என்பது தோளைக் குறிக்கும் வடசொல் பாகுவின் திரிபு. வீரவாகு என்ற பெயரைப் பாருங்கள். நம்மிடம் செப்பம் இருக்கிறது, செப்பனிடுதல் இருக்கிறது. செப்பந்தகைமை என்பதே முறையான ஆக்கம்.

மறுமொழி: களியக்காவிளை

வீரவாகுவில் இருப்பது தோள்தான். 'வாகாகப் பிடி' என்பதில் இருப்பது இசைவு. இரண்டும் ஒரே சொல் என்று எப்படி முடிவு கட்டுவது? ஒன்றாகவே இருக்கட்டும், எந்தப் பட்டறைக்காரரும் அதை அந்நியமாக நினைக்கவில்லை. செப்பந்தகைமையை ஒரு பையன் தேர்வில் பிழையில்லாமல் எழுதுவானா?

ஆனால் பழுதுவாகு வேண்டாம் அண்ணா. பழுதாவதற்கு வாகானது என்று படிக்க இடம் இருக்கிறது.

மறுமொழி: செங்கோட்டை

பையனால் முடியாது என்று நாம் ஏன் முன்கூட்டியே சொல்லவேண்டும்? பொறியியலும் பல்கலைக்கழகமும் ஒரு காலத்தில் புதுச்சொற்களே. இன்று எந்தப் பையன் அவற்றைக் கண்டு மிரளுகிறான்? சொல்லித் தந்தால் படிப்பான்.

கொழிஞ்சாம்பாறை, ஞாயிறு மாலை

எல்லோருக்கும் நன்றி. இங்கே வண்டிப் பணி என்றால் மலையாளம் பேசுகிறவருக்கும் தமிழ் பேசுகிறவருக்கும் ஒன்றுதான். அதனால் 'பணிவாகு' என்று வைத்துக்கொண்டேன்: பணி செய்யக் கை போகிற இசைவு. பெல்ட் மாற்றுவதில் பணிவாகு அதிகம், முன்புல்லி கழற்றுவதில் குறைவு என்று வாக்கியம் தடையில்லாமல் ஓடுகிறது. பனி, பணி இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதுதான் சிக்கல், அச்சுப்படியை மூன்று முறை பார்த்துவிட்டேன். வண்டி பனியுந்து. தூள்பனிக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். பட்டையின் மேல் 3 அங்குலம் வரை நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்ப் பற்களுக்குத் துடுப்பு என்று போட்டேன். தூளைத் துழாவித் தள்ளுகிற வேலைதானே அது.

மறுமொழி: செங்கோட்டை

துடுப்பு நன்று. பனியுந்துக்கு மகிழ்ச்சி. பணிவாகுக்கு என் இசைவு இல்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.

மறுமொழி: மூணாறு

எனக்குச் சரி. மஞ்சை விட்டதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுமொழி: கம்பம்

எனக்கும் சரி டீச்சர். நான் பட்டை பட்டை என்று எழுதிவிட்டேன், வேரியேட்டர் பெல்ட்டையும் சிலர் பட்டை என்பார்கள். கீழே ஓடும் டிராக்குக்கு ஏட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்?