‘ட்ரேஸ் மினரல்’ என்பதற்கு ‘இம்மிக் கனிமம்’: ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

உடலுக்கு மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படும் கனிமங்களை ஆங்கிலத்தில் ‘ட்ரேஸ் மினரல்’ என்கிறார்கள். கறவைமாடுகளின் இனப்பெருக்க நலம் பற்றிய கையேட்டுக்காக அதற்கு நாம் தமிழ்ச்சொல் தேடிவரும் இந்த இழையில், இதுவரை ‘நுண்தாது’, ‘சுவடுத் தாது’ என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

‘தாது’ என்ற சொல் நிலவியல் நூலில் சிக்கல் தராது. ஆனால் சித்த மருத்துவம் சொல்லும் ஏழு தாதுக்களில் கடைசியாக நிற்பது சுக்கிலம். பேச்சுவழக்கிலும் தாது என்றால் விந்து என்ற பொருள் உண்டு. துத்தநாகம் குறைந்தால் காளையின் விரை வளர்ச்சியும் விந்தணு உற்பத்தியும் குன்றும் என்று எழுதப்போகும் அத்தியாயத்துக்கு ‘நுண்தாதுக் குறைபாடு’ என்று தலைப்பிட்டால், வாசகர் அதை விந்தணுக் குறைபாடு என்றே படிப்பார். ‘சுவடு’ கால்தடத்தையும் ஓலையையும் நினைவூட்டுகிறதே தவிர, அளவை நினைவூட்டவில்லை.

மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் கனிமக் கலவைக்குப் பழக்கத்தில் உள்ள ‘தாது உப்பு’ என்ற பெயரே போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலப்பினக் கிடேரியைப் பார்க்கப் போயிருந்தேன். வயது கடந்தும் பருவத்துக்கு வரவில்லை. கறுப்பு மயிர் துருவேறியதுபோல் செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் வெளிறியிருந்தது. செம்புக் குறைவின் அடையாளங்கள் இவை. “உப்பு தினமும் போடுறேனுங்களே” என்று அதை வளர்க்கும் அம்மா தவிட்டு வாளியைக் காட்டினார். அதில் கிடந்தது கல்லுப்பு. அவர்மீது பிழையில்லை, நாம் கொடுத்த சொல் அப்படி. மேலும், தாது உப்புக் கலவையில் பெரும்பங்கு கால்சியமும் பாஸ்பரசும்தான்; நாம் தனியே பிரித்துப் பேச வேண்டியவை செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, செலினியம், அயோடின், கோபால்ட் முதலியவை.

ஆகவே ‘இம்மிக் கனிமம்’ என்பதை முன்மொழிகிறேன். பழந்தமிழ்ப் பின்ன அளவைகளில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதற்கும் வெகு கீழே நிற்கும் பின்னம் இம்மி. ஈரம் நீக்கிக் கணக்கிட்ட தீவனத்தில் கிலோவுக்குச் செம்பு ஏறத்தாழ 10 மில்லிகிராமும், செலினியம் 0.3 மில்லிகிராமும் போதும் என்னும்போது, இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. ‘இம்மியும் பிசகாமல்’ என்னும் வழக்கும் இங்கே உதவுகிறது. செலினியம் குறைந்தால் கன்று ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி விழாமல் தங்கக்கூடும். அதுவே கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு ஏறினால் நஞ்சாகும். மாட்டுக்கு உரிய செம்பளவை ஆட்டுக்கு, குறிப்பாகச் செம்மறிக்குத் தொடர்ந்து கொடுத்தால், அது ஈரலில் சேர்ந்து ஒருநாள் திடீரென்று உயிரைக் குடிக்கும். குறைவும் மிகையும் இவ்வளவு நெருங்கி நிற்பதைப் பெயரே உணர்த்த வேண்டும் என்பது என் விருப்பம்.

‘இம்மிக் கனிமக் குறை’, ‘இம்மிக் கனிம மிகை’ என்று இச்சொல் தடையின்றி நீள்வதையும் பார்க்கிறேன். இலங்கை நண்பர்கள் தங்கள் பாடநூல் வழக்கைப் பின்பற்றி ‘இம்மிக் கனியுப்பு’ என்று சொல்ல விரும்பக்கூடும். அந்த ‘உப்பு’ மீண்டும் கல்லுப்பில் கொண்டுபோய் விடுமா, அங்கே அக்குழப்பம் எழுவதில்லையா என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.