போலோவா, ஐ20 என் லைனா? காரைக்குடிக்காரனுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கார் வாங்கப் போகிறேன். பெட்ரோல், மேனுவல் கியர், இதில் மாற்றமில்லை. பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) எடுப்பதா, புது ஹூண்டாய் ஐ20 என் லைன் (ஐ20-இன் ஸ்போர்ட்டி வகை) எடுப்பதா என்பதுதான் குழப்பம்.

போலோ இங்கே 2022லேயே நின்றுவிட்டது. ஆனாலும் மனசு அதில்தான் கிடக்கிறது. ஐ20 என் லைனுக்கு 120 குதிரைத்திறன், போலோவுக்கு 110. அந்தப் பத்து எனக்குப் பெரிதில்லை. ஸ்டியரிங் கையோடு பேச வேண்டும், அவ்வளவுதான். இரண்டிலுமே ஏசிக்குத் தனி பட்டன் இருப்பது பெரிய நிம்மதி. புதிதாக வரும் பல கார்களில் காற்றைக் குறைக்கக்கூடத் திரையைத் தடவ வேண்டியிருக்கிறது. கானாடுகாத்தான் தெருவில் எதிரே டூரிஸ்ட் வேன் வரும்போது கண்ணை எங்கே வைப்பது?

போலோ வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: மதுரை, திருச்சியில் ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கிறதா? டர்போவும் டைமிங் பெல்ட்டும் தெரிந்த தனி மெக்கானிக் யாராவது உண்டா? 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அப்புறம் இன்னொன்று. சென்னை பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்ட ஆசை. நரேன் கார்த்திகேயன் 2005லேயே எஃப்1 கார் ரேஸ் ஓட்டிவிட்டார், நம் பையன்கள் இன்னும் பைபாஸில்தான் வேகம் பார்க்கிறார்கள். அது தப்பு, வேகத்துக்கு இடம் டிராக்தான். சாதாரணக் காரோடு அங்கே போனவர்கள் பிரேக் பேடு, பிரேக் ஆயில் மாற்றிவிட்டுப் போனீர்களா? ஹெல்மெட் அங்கேயே தருவார்களா? கமெண்டில் சொன்னால் போதும்.